முந்நூறாவது மாடியில் ஏரி

பெருமதிப்பிற்குரிய மருந்துக்கடை ஐயா அவர்கள் சமூகத்திற்கு,

வணக்கம். இங்கு என் முழங்கால்கள் இரண்டும், இடது கால் கட்டைவிரல் நகமும் நீங்கலாக எல்லாரும் நலம். அங்கு தங்கள் நலத்தையும், தங்கள் துணைவியார் நலத்தையும், தங்கள் கடையில் முழங்கால் தைலம் பெரிய புட்டியாக இருப்பில் உள்ளதா என்பதையும் அறிய ஆவல்.

தாங்களும் நானும் இதுவரை ஒரே ஒரு முறைதான் சந்தித்திருக்கிறோம். பதிவாளர் அலுவலகத்து மரப்பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். தாங்கள் மணி என்ன என்று கேட்டீர்கள். நான் பதினொன்றே கால் என்றேன். இரண்டு வருடத்தில் நமக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். ஆகவே திடீரென்று இவ்வளவு கனமான உறை வருவதைப் பார்த்துத் தாங்கள் பதற வேண்டாம். இது ஒரு புகார்க் கடிதம். தங்கள் புதல்வர் மீது புகார். பிள்ளை செய்ததைப் பெற்றவரிடம் சொல்லாமல் போஸ்ட்மேனிடமா சொல்ல முடியும்?

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பிழை திருத்துனராக இருந்து ஓய்வு பெற்றவன். பாடப்புத்தகம், பஸ் நேர அட்டவணை, மருந்துப் பெட்டிக்குள் நாலாக மடித்து வைக்கும் காகிதம், எல்லாம் என் கண் வழியாகப் போனவைதான். கல்யாணப் பத்திரிகை மட்டும் பதினோராயிரத்துக்கு மேல். என்னைத் தாண்டி ஒரு புள்ளி போகாது என்று முதலாளியே நாலு பேர் முன்னிலையில் சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவன் வீட்டுக்குத் தங்கள் புதல்வர் பெண் கேட்டு ஒரு கடிதம் எழுதினார். ஒன்றரைப் பக்கம், பத்தொன்பது பிழை. 'உங்கள் மகலை மனதாற விறும்புகிறேன்' என்று ஆரம்பம். 'என்னை உங்கள் மாப்பில்லையாக ஏற்றுக்கொல்லுங்கள்' என்று முடிவு. ஏற்றுக்கொள்வதா, கொல்வதா என்று எனக்குப் புரியவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்துப் பத்தொன்பதையும் சுழித்தேன். கடைசி வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், 'மாப்பு இல்லை', அதாவது மன்னிப்பு கிடையாது, என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். தாங்கள் நாற்பது வருடம் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மருந்து எடுத்துக் கொடுத்தவர். தங்களுக்கு எந்த எழுத்தும் எழுத்துதான். பிள்ளை வளர்ப்பில் அங்கேதான் கோளாறு ஆகியிருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

அப்புறம் நடந்தது தங்களுக்கே தெரியும். என் மகள் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். பத்திரிகை கிடையாது. ஊரார் வீட்டுப் பத்திரிகை பதினோராயிரத்தைத் திருத்தியவன் வீட்டில் ஒரே பெண்ணின் கல்யாணத்துக்குப் பத்திரிகையே இல்லை என்றால் எப்படி இருக்கும், சொல்லுங்கள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு ஆறவில்லை. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அன்றிலிருந்து தங்கள் புதல்வரை நான் மாப்பிள்ளை என்று அழைத்ததே இல்லை. தேவைப்பட்டால் இருமுவேன். அவசரமானால் 'இந்தாங்க' என்பேன். அவர் லிப்ட் மெக்கானிக் என்பதால் மற்றவர்களிடம் பேசும்போது லிப்ட்காரர். போன மாதம் மகள் வந்திருந்தபோது என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "அப்பா, ஒரு தடவை வாய் நிறைய மாப்பிள்ளைன்னு கூப்பிட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்? இங்க சிரிச்சிக்கிட்டே இருக்காரு. வீட்டுக்கு வந்தா அன்னிக்குப் பூரா பேசமாட்டேங்கறாரு." ரசம் ஊற்றச் சொல்லித் தட்டைத் தள்ளினேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூப்பிடக் கூடாது என்றில்லை, ஐயா. வார்த்தை தொண்டை வரைக்கும் வரும். வந்து, அங்கே நின்றுகொண்டு, ள-வா ல-வா என்று யோசிக்க ஆரம்பித்துவிடும்.

இந்த நிலைமையில்தான் போன வியாழக்கிழமை தங்கள் புதல்வரிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. 'மலை ஏறி பார்க்கப் போறேன். சனிக்கிழமை ராத்திரி அங்கயே தங்கல். நீங்கலும் வர்றீங்கலா மாமா.' கீழே இரண்டு 'ல'வையும் சுழித்தாயிற்று. மேலே 'ஏறி'யைப் பார்த்தேன். வழக்கம்போல் சின்ன ர வரவேண்டிய இடத்தில் பெரிய ற போட்டிருக்கிறார் என்று மனதிலேயே அடித்து 'ஏரி' ஆக்கினேன். மலை ஏரி. நல்ல விஷயந்தானே. ஏரிக்கரையில் ஒரு விடுதி இருக்கும், ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியும், ஓரமாகப் பெஞ்சு போட்டிருப்பார்கள், சாயங்காலம் படகில் ஒரு சுற்று. என் மனைவி, அவர் எழுதினதைத் திருத்தறதுக்கு முன்னாடி அவரையே ஒரு வார்த்தை கேட்டுக்கோங்களேன் என்றாள். முப்பத்தெட்டு வருடம் எழுதியவனைக் கேட்டா திருத்தினேன் என்று அவள் வாயை அடைத்தேன். நர்ஸாக இருக்கும் மகளும் கூட வருவதாகத்தான் பேச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்து, டூட்டி மாற்றிவிட்டார்கள், நீங்கள் இரண்டு பேரும் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். டூட்டியும் மாறவில்லை ஒன்றும் மாறவில்லை என்பது இப்போது தெரிகிறது.

ஆக, சனிக்கிழமை விடியற்காலை பஸ் நிலையத்துக்கு நான் சக்கரம் வைத்த சூட்கேசை உருட்டிக்கொண்டு போய் நின்றேன். உள்ளே இஸ்திரி போட்ட சட்டை நான்கு, அறைக்குள் போட ரப்பர் செருப்பு, என் தலையணை, என் பெரிய அகராதி. அகராதி இல்லாமல் நான் வெளியூர் போவதில்லை. காலில் பாலிஷ் போட்ட தோல் ஷூ, கையில் நீளக் குடை. தங்கள் புதல்வர் முதுகில் ஒரு பீரோவைக் கட்டிக்கொண்டு வந்தார். என் சூட்கேசைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை என்று நினைத்தேன். அதுதான் முதல் புகார். அங்கேயே சொல்லியிருக்க வேண்டாமா?

மூன்று மணி நேரம் கழித்து பஸ் ஒரு டீக்கடை வாசலில் நின்றது. அதற்குமேல் ரோடு இல்லை. இறங்கி, ஏரி எங்கே என்று விசாரித்தேன். தங்கள் புதல்வர் விரலை வானத்தை நோக்கி நீட்டினார். வெள்ளையாக மேகம் தெரிகிறதே, அதற்குப் பின்பக்கமாம். எந்த வண்டியில் போகவேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார். "ஏறணும் மாமா. அதான் ஏறின்னு எழுதினேனே. பெரிய ற-வா சின்ன ர-வான்னு அவகிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் போட்டேன்." ஐயா, இடி விழுந்தாற்போல் இருந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் ஒரு வார்த்தையைச் சரியாக எழுதியிருக்கிறார், வாழ்க்கையில் முதல்தடவையாக நான் சரியானதைத் தப்பாகத் திருத்தியிருக்கிறேன். இரண்டும் ஒரே வார்த்தையில். திரும்பிப் போகலாம் என்றால் அடுத்த பஸ் மறுநாள் மத்தியானம். டீக்கடை அம்மாள் என் சூட்கேசைப் பெஞ்சுக்கடியில் தள்ளிக்கொண்டே அவரிடம், யாரு உங்க அப்பாவா என்று கேட்டார். மாமனார் என்று அவர் பட்டென்று பதில் சொன்னார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, அப்ப இவரு உங்க மாப்பிள்ளையா என்றார். நான், லிப்ட் மெக்கானிக் என்றேன். தங்கள் புதல்வர் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார். ஏற்கெனவே கட்டியிருந்த நாடாதான். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் சொன்னது சொன்னதுதானே.

அவர் பீரோவுக்குள்ளிருந்து மடித்து வைத்த இன்னொரு பை வந்தது. எனக்கு அளவான பூட்ஸ் வந்தது. என் மனைவியிடம் அளவு கேட்டு வாங்கினாராம். குளிருக்குக் குல்லாய் வந்தது. தலையணை வேண்டாம் மாமா என்றார், விட்டேன். சட்டை நான்கையும் விட்டேன். அகராதியில் கை வைத்தபோது மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டே கால் கிலோ. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேசையில் இருந்த புத்தகம், ஓய்வு பெற்ற அன்று முதலாளி என் கையில் கொடுத்தனுப்பியது, இப்போது அச்சில் கிடையாது, நனைந்தால் வேறு வாங்க முடியாது, இதையெல்லாம் சொன்னேன். வாதம் பண்ணாமல் தன் பையில் வைத்துக்கொண்டார். இப்படி எதற்கும் மறுவார்த்தை பேசாத மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? இது இரண்டாவது புகார்.

ஏற ஆரம்பித்தோம். தங்கள் புதல்வர் உலகத்தையே மாடிக் கணக்கில்தான் பார்க்கிறார் என்பது தங்களுக்குத் தெரியுமா? ஏரி முந்நூறாவது மாடியில் இருக்கிறது மாமா, ஒண்ணும் பயப்படாதீங்க, நாம இப்ப ஆறுல இருக்கோம் என்றார். வாரம் ஆறு நாள் ஊரிலுள்ளவர்களை நோகாமல் மேலே தூக்கி விடுகிறவர், லீவு நாளில் காலால் நடந்து மேலே போவாராம். பன்னிரண்டாவது மாடியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. காட்டிக்கொள்ளக் கூடாதே என்று பாடம் நடத்த ஆரம்பித்தேன். இலக்கணம் பேசுகிறவன் நடுவில் நின்றால் யோசிக்கிறான் என்றுதானே நினைப்பார்கள். நாற்பதாவது மாடி வரைக்கும் ர, ற. எண்பது வரைக்கும் ல, ள, ழ. அங்கிருந்து ந, ன. ஓட்டுநர், நடத்துநர், அனுப்புநர், பெறுநர், ஒரு தொழிலைச் செய்கிற ஆளைச் சொல்லும்போது தந்நகரம், அதாவது ந-தான் வரவேண்டும், நாட்டில் பாதிப்பேர் றன்னகரமான ன-வைப் போட்டுத் தொலைக்கிறார்கள், அப்படி எழுதுகிறவன் கையை ஒடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்து விளக்கினேன். அவர் உம் உம் என்று கேட்டுக்கொண்டே எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் உட்காரும்போதெல்லாம், கதவு திறந்திருக்கு, இறங்கறவங்க இறங்கலாம் என்பார். எழுந்தால், கதவு மூடுது, கை பத்திரம் என்பார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நூற்றுப்பத்தில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அம்மாள் கைத்தடியோடு எங்களைத் தாண்டிப் போனார். போகிறபோக்கில் என்னைப் பார்த்து, வாயால மூச்சு விடாதீங்க தம்பி என்றார். அறுபத்தாறு வயதில் தம்பி. சந்தோஷப்படுவதா மானம் போயிற்று என்று நினைப்பதா தெரியவில்லை.

நூற்றைம்பதில் நான் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு, இதுதான் என் ஏரி, நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று கையை விரித்துவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேகவைத்த முட்டை ஒன்றை உரித்துக் கொடுத்தார். லிப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களிடம் முதலில் என்ன சொல்வார் தெரியுமா? இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று சொல்லவே மாட்டாராம். நான் இங்கதான் இருக்கேன், வெளியில எங்கயும் போகல என்றுதான் சொல்வாராம். அதைக் கேட்டாலே பாதிப்பேருக்குப் பயம் போய்விடுமாம். என்னிடமும் அதையே சொன்னார். முட்டையைத் தின்றுவிட்டு எழுந்தேன். இருநூற்றுப் பத்தில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. மலையில் மழை, இரண்டு எழுத்தும் சேர்ந்து என்னைத்தான் பழிவாங்குகின்றன என்று நினைத்தேன். ஒரு பாறைக்கடியில் ஒதுங்கியபோதுதான் பார்த்தேன், தங்கள் புதல்வர் மழைக்கோட்டு இல்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கிறார். கோட்டு எங்கே என்றால் பையைக் காட்டினார். என் அகராதியைச் சுற்றி வைத்திருந்தார். நனைஞ்சா வேற வாங்க முடியாதுன்னு சொன்னீங்களே என்றார். நான் திட்டினேன். நீளக் குடையை விரித்து இரண்டு பேருக்குமாகப் பிடித்துக்கொண்டு திட்டினேன். அந்தக் குடையையும் வேண்டாம் என்றுதான் கீழே சொல்லியிருந்தார் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

முதலில் ஒரு குட்டி ஏரி வந்தது. சாப்பாட்டு மேசை நாலைச் சேர்த்துப் போட்டாற்போல் இருந்தது. இதற்காகவா இவ்வளவு என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். இன்னும் கொஞ்சம் மாமா என்றார். அந்தக் 'கொஞ்சம்' நாற்பது மாடி. கடைசி மேட்டில் கையையும் ஊன்றித்தான் ஏறினேன். ஏறி நிமிர்ந்து பார்த்தேன்.

என்னத்தைச் சொல்வேன், ஐயா. எதிரே மூன்று பக்கமும் மேகம் பூசிய மலை. நடுவில் தண்ணீர். அசையவே இல்லை. கரையில் நின்று பார்த்தால் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். அந்த நிறம் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. பையைத் திறந்து அகராதியை எடுத்து, நீலத்தில் பார்த்தேன், பச்சையில் பார்த்தேன், மரகதம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். இல்லை. அந்த நிறத்துக்கு வார்த்தை இல்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அந்தப் புத்தகம் என்னைக் கைவிட்டது அன்றுதான், எனக்கு அதில் ஒரு வருத்தமும் வரவில்லை. பூட்சைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் வைத்து ஓர் அலறு அலறினேன். அவ்வளவு குளிர். மறுபடி வைத்தேன், மறுபடி அலறினேன். எங்களை முந்திய அம்மாளும் இன்னும் ஏழெட்டுப் பேரும் அக்கரையில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து யாரோ பதிலுக்கு அலறினார்கள். நான் இன்னொருமுறை அலறினேன். சின்ன வயதில்கூட நான் இப்படிக் கத்தியதில்லை.

சாயங்காலம் அவர் கூடாரத்தைக் கட்டி, அகராதியை ஓரத்தில் காற்றுக்குப் பாரமாக வைத்து, சின்ன அடுப்பில் டீ போட்டார். குடித்துக்கொண்டே, அச்சகத்தில் என்னவெல்லாம் திருத்துவீங்க மாமா என்று கேட்டார். கல்யாணப் பத்திரிகை என்று ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. இரண்டு வருடமாக மனதுக்குள் எழுதி, அடித்து, திருத்தி வைத்திருந்த என் மகளின் பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தேன். தங்கள் பெயர், தங்கள் துணைவியார் பெயர், இரண்டு வீட்டு விலாசம், எல்லாம் அதில் உண்டு. மாப்பிள்ளை என்று வரவேண்டிய இடத்தில் மட்டும் மணமகன் என்று சொல்லி ஒருவழியாகக் கடந்துவிட்டேன். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். டீயை முடித்துவிட்டு, அந்தப் பத்திரிகையில எனக்கு ஒரு காப்பி கிடைக்குமா மாமா என்றார். இருட்டுவதற்குள் படுத்துவிட்டோம். தங்கள் புதல்வர் குறட்டை விடுகிறார். அது மூன்றாவது புகார், ஆனால் நானும் விடுவேன் என்று என் மனைவி சொல்கிறாள்.

காலையில் கண் விழித்ததும் காலைக்கடனுக்காக ஒரு பாறை தேடிப் போனேன். திரும்பும்போது பார்த்தால் ஒன்றுமே இல்லை. மூடுபனி. ஏரி இல்லை, மலை இல்லை, கூடாரம் இல்லை, நீட்டிய கை தெரியவில்லை. நாலடி வைத்தேன், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பின்னால் வந்தேன், அங்கும் கேட்டது. சரி, கூப்பிடலாம் என்றால் எப்படிக் கூப்பிடுவது? முதலில் இருமினேன். பழக்கதோஷம். மூடுபனிக்குள் இருமல் எட்டடி போகவில்லை. 'இந்தாங்க' என்றேன். யாருக்குக் கேட்கும்? 'தம்பி' என்று கத்தினேன். என்னங்க என்று அக்கரையிலிருந்து வேறு யாரோ கேட்டார். கடைசியில் வெட்கத்தை விட்டு 'லிப்ட்' என்று கத்தினேன். மலை உச்சியில் நின்று லிப்ட் கேட்ட மனிதன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த நேரம் பார்த்துப் பாசிக்கல்லில் கால் வழுக்கி முழங்கால் வரைக்கும் தண்ணீருக்குள் போய்விட்டேன், அடியில் சேறு, இழுக்க இழுக்க உள்ளே போகிறது. அப்போது யோசிக்கவில்லை, சம்பந்தி. ள-வும் ல-வும் ஞாபகத்துக்கே வரவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது.

"மாப்பிள்ளே!"

மூன்று பக்க மலையும் அதைத் திருப்பிச் சொன்னது. பிள்ளே, பிள்ளே, ளே. சுத்தமான ள. உடனே அவர் குரல் கேட்டது. "மாமா, நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல. எதிரொலியில எந்தப் பக்கம்னு தெரியல. விடாம கூப்பிட்டுக்கிட்டே இருங்க."

கூப்பிட்டேன். மாப்பிள்ளை, மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று சேற்றில் நின்றுகொண்டு முப்பது தடவையாவது கூப்பிட்டிருப்பேன். மலை ஒவ்வொன்றையும் மூன்றாக ஆக்கியது. கூப்பிடக் கூப்பிடப் பயம் போய்விட்டது. அப்புறமும் கூப்பிட்டேன். நன்றாக இருந்தது, சம்பந்தி. இவ்வளவு லேசான வார்த்தையையா இத்தனை நாள் தொண்டையில் வைத்திருந்தேன் என்று நினைத்தேன். மூடுபனிக்குள்ளிருந்து முதலில் அவர் குல்லாய் வந்தது, அப்புறம் கை வந்தது. தண்ணீரில் இறங்கி என் கக்கத்தில் கைகொடுத்து நின்றார். உடனே தூக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டார்.

"மாமா, இப்ப மாப்பு உண்டா?"

அந்த ஓரக்குறிப்பை நான் மறந்தே போயிருந்தேன். அவர் மறக்கவில்லை. இரண்டு வருடமாக வைத்திருந்திருக்கிறார். உண்டு மாப்பிள்ளை என்றேன். நீங்கதான் எனக்குத் தரணும் என்றேன். அழுதுவிட்டேன், சம்பந்தி, அந்தக் குளிரில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அழுதேன். அவரும் மூக்கை உறிஞ்சினார். பிறகு ஒரே தூக்கில் என்னைக் கரையில் வைத்துவிட்டு, கதவு திறந்திருக்கு, இறங்கறவங்க இறங்கலாம் என்றார். இந்த முறை நான் சிரிப்பை அடக்கவில்லை. மூடுபனி விலகியதும் பார்த்தால் கூடாரம் பதினைந்து அடி தூரத்தில் இருக்கிறது. அக்கரையில் இருந்த ஏழெட்டுப் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைத்தடி அம்மாள் மட்டும், மாப்பிள்ளை கிடைச்சாச்சா தம்பி என்று கேட்டார். கிடைச்சாச்சு என்று கத்தினேன். இறங்கும்போது டீக்கடை அம்மாளிடமும், அவர் கேட்காமலே, இவர் என் மாப்பிள்ளை என்று சொல்லி சூட்கேசை வாங்கிக்கொண்டேன்.

புகார்க் கடிதம் என்று ஆரம்பித்ததால் முறையாக முடிக்க வேண்டும். முதலாவது, தங்கள் புதல்வர் இனி என்னை எந்த மலைக்கும் கூப்பிடக் கூடாது என்று தாங்கள் தந்தை என்ற முறையில் கண்டித்துச் சொல்லவேண்டும். இரண்டாவது, அவர் இனி எனக்கு எழுதும் எந்தச் செய்தியையும் என் மகளிடம் காட்டித் திருத்தி வாங்கிய பிறகே அனுப்பவேண்டும். மூன்றாவது, தைலம்.

சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் அன்பையும் என் வணக்கத்தையும் சொல்லுங்கள். தங்கள் கடையில் வியாபாரம் பெருகட்டும் என்று வாழ்த்தலாம் என்று பார்த்தேன், மருந்துக்கடையில் வியாபாரம் பெருகினால் ஊருக்கு நல்லதில்லை. ஆகவே ஊர் நன்றாக இருக்கட்டும், தாங்களும் நன்றாக இருங்கள். அடுத்தமுறை பெஞ்சில் உட்கார்ந்தால் நடுவில் இடம் விடாமல் உட்காருவோம்.

இப்படிக்கு,
முழங்கால் வலியுடன்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் முதல் இரண்டு கோரிக்கைகளையும் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளவும். தபாலில் போடுவதற்கு முன் மாப்பிள்ளை வந்திருந்தார், படிக்கக் கொடுத்தேன். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, ஒண்ணு சொல்லலாமா மாமா என்றார். என் வேலையின் பெயரை எழுதிய இடத்தில் றன்னகரம் போட்டிருக்கிறேனாம், தந்நகரம்தானே வரணும், எண்பதாவது மாடிக்கு மேல சொன்னீங்களே, கையை ஒடிக்கணும்னுகூடச் சொன்னீங்களே என்கிறார். போய்ப் பார்த்தேன். ஆமாம். திருத்தவில்லை, தாங்களும் பார்க்கவேண்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை மறுபடி போகிறோம். இந்த முறை இரண்டு வீட்டுக்காரர்களும். தங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் பூட்ஸ் அளவு தேவை. ஏறினால்தான் ஏரி, ஆகவே இன்றிலிருந்தே மாடிப்படி ஏறிப் பழகவும். இதற்கென்று ஒரு பத்திரிகை அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். நம் வீட்டில் அடித்த முதல் பத்திரிகை. வாசகம் முழுக்க மாப்பிள்ளையுடையது. 'மலை ஏறி ஏரி பார்க்க உங்களை அன்புடன் அழைப்பது, மாமாவும் மாப்பில்லையும்' என்று எழுதிக் கொடுத்தார். தெரியாமல் எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா என்று நான் கேட்கவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.